பலகை நின்ற இடம்

கார்டர்வில், மொன்டானா
செப்டம்பர் 4

மரியாதைக்குரிய வனக்காவலர் லோவெல் ஸ்ட்ரவுட் அவர்களுக்கு,

நேற்று டாம்லின் ஓடைப் பாதையில் தாங்கள் எழுதிக் கொடுத்த அபராதச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் தரிசனம் கிடைக்கிறது. என் பெயரை அர்வில்லா ஸ்ட்ரவுட் என்று பிழையில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஐம்பத்தெட்டு வருஷமாக என்னை அக்கா என்று மட்டும் கூப்பிட்டவருக்கு என் முழுப்பெயர் தெரிந்திருப்பதில் சந்தோஷம்.

பேசித் தீர்க்கலாமே என்று நினைக்க வேண்டாம். தங்கள் மலைக்குடிசையில் இருப்பது ஒரே ஒரு வானொலி. அதில் பேசினால் மூன்று பள்ளத்தாக்கு கேட்கும். அரசாங்கம் எனக்குத் தாளில் எழுதியது, நானும் தாளிலேயே எழுதுகிறேன். எமெட் வியாழக்கிழமை தோறும் கோவேறு கழுதைகளில் அரிசியும் மாவும் ஏற்றிக்கொண்டு தங்களிடம் வருகிறாரே, அவர் பையில் இதுவும் வரும்.

பேட்டரி சைக்கிளில் மூன்று வகை உண்டு. என்னுடையது முதல் வகை. கைப்பிடியைத் திருகினால் பறக்கிற ஜாதி இல்லை. நான் மிதித்தால் அதுவும் மிதிக்கும், நான் நின்றால் நின்றுவிடும். முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும், அவ்வளவுதான். மோட்டார் வண்டி கூடாது என்ற பலகையைப் பார்த்தேன். அது நம்மைச் சொல்லவில்லை என்று நினைத்து மேலே வந்தேன்.

ஒன்பது மைல் தள்ளி இருக்கும் தம்பியைப் பார்க்கக் கிளம்பியவளை ஆறரை மைலில் திருப்பி அனுப்பினீர்கள். எதற்கு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோள்பையில் ஹக்கிள்பெர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் இருந்தது. வீட்டுக்கு வந்து நானே தின்றேன். உங்களுக்கு ஒரு துண்டு கூட மிச்சம் வைக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் குற்றவாளி,
அர்வில்லா ஸ்ட்ரவுட்


டாம்லின் குடிசை
செப்டம்பர் 5

அக்கா,

'அவர்களுக்கு' எல்லாம் வேண்டாம். எமெட் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். கழுதைகளிடம் வேறு படித்துக் காட்டுகிறார்.

உனக்கு டாட்டியைத் தெரியாது. சாம்பல் நிறக் கோவேறு கழுதை, எமெட்டின் வரிசையில் முன்னால் நடந்தவள். போன ஆகஸ்டில், குடிசைக்குக் கீழே அரை மைலில், ஒரு பையன் பேட்டரி சைக்கிளில் வளைவு திரும்பினான். மோட்டார் சைக்கிள் என்றால் தூரத்திலேயே சத்தம் கேட்கும், கழுதைகள் காதை நிமிர்த்தும், நாங்கள் ஓரம் கட்டுவோம். வெறும் சைக்கிள் அந்த ஏற்றத்தில் ஊர்ந்துதான் வரும். இது சத்தமும் இல்லாமல், வேகமும் குறையாமல் வந்தது. டாட்டி மிரண்டு சரிவில் விழுந்தாள். முன்கால் இரண்டும் ஒடிந்து போயின. துப்பாக்கி எடுக்க வேண்டியிருந்தது. நான்தான் எடுத்தேன்.

உன்னைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. "அக்கா, மோட்டார் வரக் கூடாதுன்னு கீழே பலகை வெச்சிருக்கேனே, பாக்கலையா?" என்றுதான் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தைப் பார்த்தாய். அந்தத் திமிர்தான் என்னை எழுத வைத்தது. ஊருக்கு ஒரு சட்டம், அக்காவுக்கு ஒரு சட்டமா?

வருவதாக இருந்தால் எமெட்டின் கழுதையில் வா. கழுதை, குதிரை, சாதாரண சைக்கிள் எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. லார்ச் மரங்களின் ஊசி இலைகள் அக்டோபர் நடுவில் மஞ்சளாகும், பத்து நாள் நிற்கும், பிறகு கொட்டிவிடும். இருபதாம் தேதி குடிசையைப் பூட்டிவிடுவேன்.

பை ஒரு துண்டு வைத்திருக்கலாம்.

லோவெல்


கார்டர்வில்
செப்டம்பர் 11

தம்பி,

டாட்டி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். சீட்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை, இழுப்பறையில் போட்டேன். கோபம் பாதி போயிருக்கிறது என்று வைத்துக்கொள்.

கழுதையில் வரமாட்டேன். காரணம் கேட்காதே.

ஆனால் இந்த வருஷம் லார்ச் மஞ்சளைப் பார்த்தே ஆக வேண்டும். உனக்குத் தெரியும், அக்டோபர் என்றால் எனக்கு வைக்கோல் வாங்கும் காலம். முப்பத்தொரு வருஷம் தீவனக் கடைக்குள்ளேயே இலையுதிர்காலம் போய்விட்டது. லாரிக்காரர்கள் வந்து "மேலே எல்லாம் தங்கமா இருக்கு அர்வில்லா" என்பார்கள். நான் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அதனால் சட்டப்படி எவ்வளவு தூரம் வரலாம் என்று கேட்டுக்கொண்டு திரிகிறேன். மாவட்ட அலுவலகத்தில் நோரீன் என்றொரு பெண் இருக்கிறாள். பெரிய வரைபடம் ஒன்று கொடுத்தாள். ஒவ்வொரு எஜமானுக்கும் ஒரு கலர் பென்சில் வைத்துக்கொண்டேன். ஊர்ப் பூங்கா பச்சை, பேட்டரி சைக்கிள் போகலாம். ஆற்றங்கரை நீலம், மெதுவாகப் போகலாம். பழைய ரயில் தடம் மஞ்சள், மாவட்டத்துடையது, முதல் வகை மட்டும் போகலாம். காட்டுத்துறை பழுப்பு, மண்சாலையில் போகலாம், நடைபாதையில் கூடாது. அதற்கும் மேலே இருக்கிற கன்னிக்காடு கறுப்பு, அங்கே சாதாரண சைக்கிளே கூடாது. ஒரே மண், ஒரே மரம், ஒரே பாதைதான். ஆனால் எஜமான் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான். காக்காய்க்கும் மானுக்கும் இதெல்லாம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்?

மத்தியானம் வரைபடத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டேன். கனவில் அதற்குள்ளேயே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்குக் கீழே பச்சை போய் நீலம் வந்தது, நீலம் போய் மஞ்சள் வந்தது. பழுப்பு வருமே என்று பயந்துகொண்டே மிதிக்கிறேன், மஞ்சள் முடியவே இல்லை. போகப் போக அகலமாகிக்கொண்டே போனது. விழித்தபோது கன்னத்தில் பென்சில் கறை.

அக்கா


டாம்லின் குடிசை
செப்டம்பர் 12

அக்கா,

இங்கே மூன்று நாளாக மூடுபனி. வாசலில் நின்றால் கொட்டகை தெரியவில்லை. இப்படி இருக்கும்போது மனசு ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

கடையை விற்றுவிட்டாயாம். எமெட் சொல்லித்தான் தெரியும். "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. முப்பத்தொரு வருஷக் கடையை ஏன் விற்றாய்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அன்றைக்கு நீ திரும்பிப் போவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வளைவுக்கு ஒரு தடவை இறங்கி நின்றாய். பேட்டரி வண்டியில், இறக்கத்தில் போகிறவள் எதற்கு நிற்க வேண்டும்?

நான் கேட்டதற்கு நீ கோபத்தில் வாயை மூடியிருந்தாயா, அல்லது உன்னால் பேச முடியவில்லையா?

லோவெல்


கார்டர்வில்
செப்டம்பர் 25

தம்பி,

பேச முடியவில்லை.

இந்த ஒரு வரியை எழுதத்தான் போன வியாழனைத் தவறவிட்டேன். வைக்கோல் மூட்டையில் பூத்த பூஞ்சையை முப்பது வருஷமாக உள்ளே இழுத்து இழுத்து நுரையீரல் தழும்பேறிப் போயிருக்கிறதாம். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். குளிர்காலத்து ஜன்னல் கண்ணாடியில் பனி படர்ந்த மாதிரி இருந்தது. என்னுடையது என்று தெரியாமல் பார்த்திருந்தால் அழகு என்றே சொல்லியிருப்பேன். இருநூறு அடி நடந்தால் உட்கார வேண்டும். வைக்கோல் பக்கம் போகக் கூடாது. வைக்கோலில் புரளுகிற குதிரை, கழுதை பக்கமும் கூடாது. எமெட்டின் கழுதையை வேண்டாம் என்றது அதனால்தான். சைக்கிள் வாங்கியதும் அதனால்தான். கடையை விற்றதும் அதனால்தான்.

நவம்பர் முதல் வாரம் நம் சித்தி மகள் கோரா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவள் வீடு ஆரிகன் கடற்கரையில். மலைக்காற்று இனி எனக்குப் போதாதாம், கடல் மட்டத்துக்குப் போனால் கொஞ்சம் தாங்குமாம். திரும்பி வருவேன் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். நேரில், உன் வாசலில் உட்கார்ந்து, மரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, லோவெல். அதையும் நேரில் சொல்ல நினைத்தேன்.

சரி, அழுதது போதும். ஒரு வேடிக்கை கேள். நோரீன் நிலவறையிலிருந்து ஒரு பழைய வரைபடத்தை எடுத்து வந்தாள். மரம் ஏற்றிய ரயில் ஓடின காலத்தது. அந்தத் தடம் முழுக்க இப்போது மாவட்டத்துடையது, என் மஞ்சள் பென்சில். அது உன் பலகையோடு முடியவில்லை. ஓடை வளைவுக்கு மேலே ஒன்றேமுக்கால் மைல் போய், சட்டிப்பாறை என்ற இடத்தில்தான் முடிகிறது. நீ என்னைப் பிடித்த இடம் அதற்கு ரொம்பக் கீழே.

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் கேட்கிறேன். உன் பலகை ஏன் ஓடை வளைவில் நிற்கிறது?

அக்கா


டாம்லின் குடிசை
செப்டம்பர் 26

அக்கா,

படித்தேன். எமெட் மூட்டை கட்டிவிட்டுக் காத்திருக்கிறார். கை ஓடவில்லை. அடுத்த வியாழன் எழுதுகிறேன்.

லோவெல்


டாம்லின் குடிசை
அக்டோபர் 3

அக்கா,

முதலில் பலகை. மற்றதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சட்டிப்பாறைக்குப் போனேன். வாராவாரம் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன், ஒரு நாளும் நின்றதில்லை. வடக்குப் பக்கம் பாசியைச் சுரண்டினேன். நில அளவைக்காரர்கள் பாறையில் அடித்து வைத்த பித்தளை வில்லை இருந்தது, உள்ளங்கை அகலம். கோடு, எண், எல்லாம் தெளிவாக இருக்கிறது. நோரீன் சொன்னது சரி. காட்டுத்துறையின் எல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பலகையை நட்டவன் நான்தான். பதினோரு வருஷம் ஆயிற்று. மேலே எங்கே குத்தினாலும் பாறை, கடப்பாரை இறங்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. இறங்கிக்கொண்டே வந்தேன், ஒவ்வொரு வளைவிலும் குத்திப் பார்த்துக்கொண்டே. ஓடை வளைவில் மண் பதமாக இருந்தது, கம்பம் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இப்போதைக்கு இருக்கட்டும், அடுத்த வருஷம் மேலே மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் அதுதான் எல்லை என்று நானே நம்பிவிட்டேன். கம்பம் இறங்கின இடத்தில் சட்டத்தையும் இறக்கிவிட்டேன்.

மேலதிகாரிக்கு எழுதிவிட்டேன். என்ன சொல்வாரோ தெரியாது, சொன்னால் கேட்டுக்கொள்வேன். அந்த ஒன்றேமுக்கால் மைலுக்குள் இதுவரை ஒன்பது பேருக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். ஒன்பது பேருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். முதல் கடிதம் இதுதான். உன் சீட்டு செல்லாது. என்னை மன்னித்துவிடு, அக்கா. பலகைக்காக மட்டும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தேனே, அதற்காக.

பாறையிலிருந்து குடிசைக்கு ஒன்றேகால் மைல். அதில் உன் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பேட்டரியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது மோட்டார்தான். அதை மாற்ற என்னால் ஆகாது. ஆனால் பதிமூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நான் மேற்குச் சரிவில் விறகு வெட்டப் போகிறேன். நாள் முழுக்கப் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். எமெட்டும் அன்றைக்குக் கழுதைகளைக் கொண்டுவர மாட்டார். புரிகிறதா?

லோவெல்


கார்டர்வில்
அக்டோபர் 9

தம்பி,

புரிகிறது. வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்து நெடுநேரம் அழுதேன். பிறகு சூப் வைத்துக் குடித்தேன். பிறகு யோசித்தேன். அந்த ஒன்றேகால் மைலில்தானே டாட்டி விழுந்தாள்? அக்காவுக்காக ஒரு நாள் நீ திரும்பி நின்றுகொண்டால், அடுத்த கோடையில் வேறொருவனை அங்கே நிறுத்தும்போது உன் வாய் குழறும். நீ பலகையைத் தப்பான இடத்தில் நட்டாய், உண்மைதான். ஆனால் தெரிந்து ஒரு நாளும் தப்புச் செய்ததில்லை. உன்னைத் தப்புச் செய்ய வைத்துவிட்டுக் கடலோரம் போய் உட்கார எனக்கு மனசில்லை.

மன்னித்தாயிற்று. சீட்டை மட்டும் திருப்பித் தரமாட்டேன், அதில் உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சட்டிப்பாறை வரைக்கும் வருகிறேன். குடிசை வாசலில் உட்காரக் கொடுத்து வைக்கவில்லை, போகட்டும். பாறையிலிருந்து மஞ்சள் தெரியுமா? ஓடை வளைவுப் பக்கம்தான் எனக்குப் பழக்கம், அங்கே பட்டப்பகலிலும் ஸ்ப்ரூஸ் மரங்களின் இருட்டு. தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீ ஒரு கிளை ஒடித்துக்கொண்டு வா.

பை சுடுகிறேன். இந்தத் தடவை முழுசாக வரும்.

அக்கா


(பிஸ்கட் டப்பாவுக்குள் மடித்து வைத்தது)
ஓடை வளைவு
அக்டோபர் 13, காலை

அக்கா,

பலகையைப் பிடுங்கிவிட்டேன். அது நின்ற குழியின் மேல்தான் இந்த டப்பாவை வைத்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் இங்கே நின்றுவிடுவாய் என்று தெரியும்.

மூச்சு வாங்கினால் நில். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில். பலகைக்காக நிற்காதே. மேலே வா.

மூன்றாவது வளைவில் ஸ்ப்ரூஸ் மரங்கள் முடிகின்றன. அதற்கு அப்புறம் என்ன என்று எழுதமாட்டேன். இத்தனை வருஷம் தலை குனிந்தே நடந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

பாறையில் இருக்கிறேன். காப்பி இருக்கிறது.

லோவெல்


கோரா வீடு, ஆரிகன்
நவம்பர் 17

தம்பி லோவெல்,

வந்து பத்து நாளாகிறது. கண்ணை மூடினால் இன்னும் அந்த மூன்றாவது வளைவுதான் வருகிறது. இருட்டிலிருந்து சக்கரம் வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு மொத்தமும் விளக்கேற்றி வைத்த மாதிரி நின்றதே, அதுதான். மிதிக்க மறந்துவிட்டேன், நான் மறந்ததும் சைக்கிளும் நின்றுவிட்டது. ஊசி ஊசியாக மஞ்சள் கொட்டிக்கொண்டிருந்தது, தரையில் ஒரு சத்தம் இல்லை. என் கனவில் வந்த மஞ்சள் அதுதானா என்று இப்போதும் குழம்புகிறேன். கண்ட கனவு எது, போய்வந்த பாதை எது என்று சில காலைகளில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நல்ல குழப்பம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நீ குடிசையிலிருந்து ஒரு கனத்த மேசையை ஒன்றேகால் மைல் முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்தாய். இரண்டு கால் மாவட்டத்தில், இரண்டு கால் காட்டில், நடுவே பித்தளை வில்லை. "நீ அந்தப் பக்கம் உக்காரு, நான் இந்தப் பக்கம். சட்டப்படி ரெண்டு பேரும் அவங்கவங்க எடத்துலதான் இருக்கோம்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் மூச்சு முட்டி, நீ எல்லையைத் தாண்டி ஓடி வந்து என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாய். நெடுநேரம் எடுக்கவே இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அப்போதுதான் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக்கொண்டே.

மற்ற எட்டுப் பேருக்கும் எழுதிவிட்டாயா? மன்னிப்போடு சேர்த்து மூன்றாவது வளைவைப் பற்றியும் எழுது. வராவிட்டால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

இங்கே மணல்மேட்டு ஓரமாக மரப்பலகை பதித்த பாதை ஒன்று போகிறது, கோரா வீட்டிலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் இரண்டு மைல். வந்த மறுநாளே விசாரித்துவிட்டேன். முதல் ஒன்றரை மைல் நகரத்துடையது, என் சைக்கிள் போகலாம். மரப்பாலத்துக்கு அப்பால் பறவைகள் முட்டையிடும் இடம், அங்கே நடந்துதான் போக வேண்டும். பாலத்தடியில் ஒரு அறிவிப்புப் பலகை நிற்கிறது. சந்தேகப்பட்டுக் குனிந்து பார்த்தேன். மண் பதமாகத்தான் இருக்கிறது. நீ வந்து பார்த்துச் சொல்.

இப்போது நூற்றைம்பது அடிதான் நடக்கிறேன். கடல்காற்று நன்றாக இருக்கிறது, ஆனாலும் குறைகிறது. மறைத்து வைத்து இனி உன்னிடம் சீட்டு வாங்க நான் தயாரில்லை, அதனால் சொல்லிவிட்டேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. தினமும் அதுவரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அனுமதி இருக்கிற தூரம் வரைக்கும் நான் வந்துவிடுவேன், தம்பி. மீதி தூரத்துக்கு நீ வா.

அக்கா